வில்லின் நீளமும் குழாயின் தடிப்பும்

கேள்வி: எனது வெல்டிங் கடையில், இரும்புக் கேற் ஒன்றின் தலைப்பகுதிக்காக, ஒன்றரை அங்குல வெளிவிட்டமுள்ள குழாயை வில்லாக வளைத்தேன். சீமெந்துத் தரையில் சோக்கால் கீறிய வில்லின் அகலம் 48 அங்குலம். நடு உயரம் 12 அங்குலம். தரம் 10இல் படிக்கும் மகள், தன் பாடநூற் சூத்திரப்படி 55.6 அங்குலம் என்று கணித்துத் தந்தாள். அவ்வளவுக்கு வெட்டிய குழாயை உட்புறம் கோட்டில் படியுமாறு வளைத்தபோது, இரு முனையிலும் முக்கால் அங்குலமளவு எட்டவில்லை. π இற்கு 22/7 என்று எடுத்ததால் வந்த பிழையா?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: மகளின் கணக்குச் சரியானது. முழு வட்டத்தின் 360 பாகைக்கு உரிய நீளம் 2πr என்னும் பரிதி. ஆகவே மையக்கோணம் 360இல் எத்தனை பங்கோ, வில்லின் நீளமும் பரிதியில் அத்தனை பங்கே. உங்களிடம் இருந்தவை அகலமும் உயரமும் மட்டுமே என்பதால், அவர் முதலில் ஆரையைக் கண்டிருக்க வேண்டும். அகலத்தின் பாதியான 24ஐ வர்க்கித்து 12ஆல் வகுத்தால் 48. அதனுடன் அந்த 12ஐக் கூட்ட விட்டம் 60, ஆரை 30. மையத்திலிருந்து நாணுக்கு, அதாவது வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு, உள்ள தூரம் 30 − 12 = 18 ஆவதால் 18, 24, 30 என்ற செங்கோண முக்கோணி கிடைக்கிறது. அதிலிருந்து மையக்கோணம் 106.26 பாகை. 106.26ஐ 360ஆல் வகுத்து, 2π × 30ஆல் பெருக்கினால் 55.6 வரும். (பரீட்சையில் ஆரைச்சிறையின், அதாவது வில்லும் இரண்டு ஆரைகளும் சூழ்ந்த பகுதியின், சுற்றளவைக் கேட்டால் இரண்டு ஆரைகளையும் கூட்ட வேண்டும் என்பதை மகளுக்கு நினைவூட்டுங்கள், கேற்றுக்கு அது தேவையில்லை.)

22/7 மீது பழி போட இடமில்லை. π அதனிலும் சற்றுக் குறைவு என்பதை ஆர்க்கிமிடீசே நிறுவிவிட்டார். எனவே அதைப் பயன்படுத்தினால் விடை கூடுமேயன்றிக் குறையாது. கூடுவதும் இந்த நீளத்துக்கு அரை மில்லிமீற்றர் அளவே. வெட்டும் தகடு அதைவிட அதிகமாகத் தின்றுவிடும்.

குறை, ஆரையை எங்கிருந்து எங்குவரை அளந்தீர்கள் என்பதில் இருக்கிறது. குழாயை வளைக்கும்போது உட்பக்கம் சுருங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது, நடுக்கோடு மட்டுமே ஏறத்தாழத் தன் நீளத்தைக் காக்கிறது. உட்புறம் சோக்குக் கோட்டில் படிந்ததால், நடுக்கோட்டின் ஆரை 30 அன்று, 30¾. அதே கோணத்துக்கு அதன் வில் 57 அங்குலம், ஏறத்தாழ 1.4 அங்குலம் குறைந்தது இதனாலேயே. கோணத்தை 57.3ஆல் (360ஐ 2πஆல் வகுத்தால் வருவது) வகுத்து நடுக்கோட்டு ஆரையால் பெருக்கினாலும் இந்த விடையே வரும். கடையில் நின்றபடி கணக்கிட இதுவே இலகு.

வெட்டிய குழாயை வீச வேண்டியதில்லை. வெளிப்புறம் கோட்டில் படுமாறு இன்னும் சற்று இறுக்கி வளைத்தால் நடுக்கோட்டின் ஆரை 29¼ ஆகிவிடும். அதற்கு 54¼ அங்குலம் போதும் என்பதால், முன்பு குறைந்த அளவே இப்போது மிஞ்சும்.