யூட்டாவில் ஜூலை 24: புதிதாக வந்தவருக்கு ஒரு பதில்

சால்ட் லேக் பக்கம் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஜூலை 24 விடுமுறை என்கிறார்கள், ஆனால் அமெரிக்கக் காலண்டரில் அப்படி ஒரு நாளே இல்லை. பக்கத்து வீட்டார் சர்ச்சில் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். சைவக் குடும்பம் போகலாமா, மதம் மாறச் சொல்வார்களா, வெடி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் போங்கள். அது வழிபாடு இல்லை, முன்னோரை நினைக்கும் நாள். பயனியர் டே, அதாவது முன்னோடிகள் நாள் என்பார்கள். 1844-இல் இல்லினாயில், இவர்களுடைய சர்ச்சை (லேட்டர்-டே செயின்ட்ஸ் சர்ச்) நிறுவிய ஜோசப் ஸ்மித்தைக் கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. 1846 பிப்ரவரிக் குளிரில் அவரது மக்கள் நாவூ நகரத்தை விட்டுக் கிளம்பினார்கள். 1847 ஜூலை 24 அன்று, அவருக்குப் பின் தலைவரான பிரிகாம் யங், காய்ச்சலோடு வண்டியில் படுத்தபடி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். முன்னால் வந்தவர்கள் முந்தின நாளே ஓடையைத் திருப்பி ஏர் பூட்டியிருந்தார்கள். அவர்களில் கிரீன் ஃபிளேக் என்ற கறுப்பின அடிமையும் ஒருவர். அவர் நினைவுச் சிலை 2022-இல்தான் வந்தது. யூட், ஷோஷோனி பூர்வகுடி மக்களுக்கு இது ஏற்கெனவே சொந்த மண் என்பதையும் மறக்கக் கூடாது.

மாட்டு வண்டிக்குக் காசில்லாதவர்கள் 1856 முதல் 1860 வரை கைவண்டி இழுத்தே நடந்து வந்தார்கள். 1856-இல் தாமதமாகக் கிளம்பிய இரண்டு கூட்டங்கள் வயோமிங் பனியில் மாட்டி, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் "உங்கள் குடும்பம் எந்தக் கூட்டத்தில் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பெயரோடும் ஆண்டோடும் பதில் வரும்.

இனி சாப்பாடு. சர்ச் வாசலில் பெரிய தோசைக்கல் மாதிரி இரும்புத் தட்டில் பான்கேக் வார்ப்பார்கள். அதே தட்டில் பேக்கனும் (பன்றிக்கறி) பொரியலாம், கொழுப்பு மாவில் கலந்துவிடும். சீக்கிரமே போய், தனித் தட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மதிய விருந்துகளில் ஃபியூனரல் பொட்டேட்டோஸ் என்று ஒன்று வரும். உருளை, சீஸ், சவர் கிரீம், மேலே கார்ன்ஃப்ளேக்ஸ். பார்த்தால் சைவம், ஆனால் வழக்கமாக அதில் கோழி சூப் டப்பா ஒன்றைக் கொட்டுவார்கள். பச்சை ஜெல்லோவில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு, பீன்ஸில் பேக்கன் துண்டு கிடக்கும். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று தோன்றினால் தர்பூசணி நறுக்கிக் கொண்டுபோங்கள். காபி, டீ, மது அவர்கள் தொடுவதில்லை. ஒயின் பாட்டில் பரிசு வேண்டாம். சாதாரண உடை போதும். வெளியார் வழக்கமாகச் சொல்லும் 'மார்மன்' என்ற பெயரால் அழைக்க வேண்டாமென 2018-இல் சர்ச் தலைவரே கேட்டுக்கொண்டார், பேச்சில் 'உங்கள் சர்ச்' என்றால் போதும். மிஷனரிகளை வீட்டுக்கு அனுப்பவா என்று யாராவது கேட்டால், "நன்றி, வேண்டாம்" என்று ஒரே தடவை தெளிவாகச் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இது மாநில விடுமுறை மட்டும்தான். ஓட்டுநர் உரிம அலுவலகம், வாகனப் பதிவு, அரசு மதுக்கடை மூடியிருக்கும். தபால் நிலையமும் மத்திய அரசு அலுவலகங்களும் திறந்திருக்கும். வெளி மாநிலத் தலைமையகம் கொண்ட கம்பெனிகள் பல லீவு தருவதில்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 24 ஞாயிறு என்றால் விடுமுறை திங்களுக்குப் போகும், ஊர்வலமும் ஞாயிறன்று நடக்காது.

ஊர்வலம் காலை 9 மணிக்கு நகர மையத்தில் கிளம்பி, 200 ஈஸ்ட் என்ற தெரு வழியாகத் தெற்கே வந்து லிபர்ட்டி பார்க் பக்கம் முடியும். முந்தின இரவே தார்ப்பாய் விரித்து இடம் பிடித்துத் தெருவோரம் தூங்குவார்கள். 200 ஈஸ்டில் கிழக்கு நடைபாதையில் உட்காருங்கள்: வெயில் முதுகுப் பக்கம் வரும், மர நிழலும் கிடைக்கும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் முழு நேரமும் சூரியன் முகத்தில்தான். நம் ஊர் மாதிரி வியர்வை வழியாது, ஆனால் 4,200 அடி உயரத்து வறண்ட காற்று உடம்பு நீரை உறிஞ்சிவிடும். குழந்தைகளுக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வெடி விஷயம்தான் முக்கியம். இந்தச் சமயத்தில் ஜூலை 22 முதல் 25 வரை, காலை 11 முதல் இரவு 11 வரை போடலாம். 24 அன்று மட்டும் நள்ளிரவு வரை. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரம், பல ஷாட் பெட்டிகள் சரி. சரவெடியும் குச்சி ராக்கெட்டும் சட்டவிரோதம். வயோமிங் எல்லையில் எவன்ஸ்டன் கடைகளில் அவை கிடைக்கும், வாங்கி வந்து இங்கே போட்டால் குற்றம்தான். மலையடிவாரத்தில் காய்ந்த புல் ஒரு பொறியில் பற்றும் என்பதால் ஒவ்வொரு நகரமும் தடைப் பகுதி வரைபடம் போடும். உங்கள் முகவரி அதில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மீறினால் அபராதம் 1,000 டாலர் வரை, தீப்பிடித்தால் அணைத்த செலவும் உங்கள் தலையில். வெடிக்காததை மறுபடி பற்றவைக்காமல், எரிந்து முடிந்ததோடு சேர்த்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் குப்பையில் போடுங்கள். சூடாகப் போட்டால் குப்பைத் தொட்டியே எரியும்.

2024-இல் வந்த சட்டத் திருத்தம் தீபாவளியையும் பட்டாசு நாட்களில் சேர்த்துவிட்டது. எந்த வகை வெடிக்கலாம் என்பதில் மட்டும் அன்றும் இதே விதிதான்.