ப்ரா நாங் குகைக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு தாய்லாந்தின் கிராபிக்குப் போகிறோம். அங்கே ப்ரா நாங் கடற்கரையில் மீனவர்கள் கும்பிடும் குகையில் மரத்தில் செதுக்கிய ஆண்குறிகள் குவிந்திருக்குமாமே? மூட்டுவலி உள்ள அம்மாவையும் பத்து வயது மகனையும் அங்கே கூட்டிப்போவது சரியா? காணிக்கை என்ன வைப்பது?

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள். அங்கே இருப்பது ப்ரா நாங் என்ற பெண் தெய்வம். கப்பல் மூழ்கி இறந்த ஓர் இந்திய இளவரசியின் ஆவி அந்தக் குகையில் தங்கிவிட்டதாக ஒரு கதை உண்டு. வேறு கதைகளும் சொல்வார்கள். நல்ல மீன்பாடும் பத்திரமான கரைசேர்தலும் வேண்டி மீனவர்கள் கும்பிடுகிறார்கள். வளமைக்கு அடையாளமாக மரக்குறிகளை அவளுக்குக் காணிக்கை வைக்கிறார்கள். அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைப்பதைப் பார்த்த உங்கள் அம்மாவுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். மகன் கேட்டால், வேண்டுதலுக்கு வைத்தது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால்தான் அவனுக்குச் சிரிப்பு வரும்.

நீங்கள் மரக்குறி வாங்கி வைக்கத் தேவையில்லை. பூமாலையும் ஊதுபத்தியும் போதும். கிராபி நகரச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம். அங்கே இருப்பவற்றைத் தொடவோ, கையில் எடுத்துப் படம் பிடிக்கவோ வேண்டாம். பயணிகள் பலர் அவற்றைப் பிடித்துக்கொண்டு கேலியாகப் படம் எடுக்கிறார்கள். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் மனமுருகி வைத்த பொருள் அது. பார்க்கவே வேதனையாக இருக்கும். குளித்த ஈர உடையோடு போகாமல், மேலே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, அம்மாவின் மூட்டு. உங்கள் கேள்வியில் கவனமாகத் திட்டமிட வேண்டியது இதுதான். ப்ரா நாங் கடற்கரை இருக்கும் ரைலே தீபகற்பத்தைச் சுண்ணாம்புப் பாறைகள் அடைத்து நிற்பதால் சாலை கிடையாது, படகில்தான் போக முடியும். பெரும்பாலானோர் ஆவ் நாங் கடற்கரையில் லாங்டெயில் எனும் நீளமான மோட்டார் படகில் ஏறுவார்கள். கால்மணி நேரப் பயணம்தான். ஆனால் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துபோய்ப் படகின் ஏணியில் ஏற வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. அம்மாவுக்கு அது வேண்டாம். ஆவ் நாம் மாவ் துறையிலிருந்து கிழக்கு ரைலேக்குப் படகு பிடியுங்கள். அங்கே இறங்குதுறை இருக்கிறது. அங்கிருந்து பாறை அடிவாரத்தை ஒட்டிய நடைபாதையில் மெதுவாக நடந்தாலும் இருபது நிமிடத்தில் ப்ரா நாங் மணலுக்கு வந்துவிடலாம். கடைசியில் கொஞ்ச தூரம்தான் மணல். வழியில் குரங்குகள் உண்டு. தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள். கிழக்குப் பக்கம் நீர்வற்றும் நேரத்தில் வெறும் சேறாகிவிடும். அதனால் நீரேற்ற நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

டிசம்பரில் அந்தமான் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். காலை ஒன்பதுக்குள் போய்விட்டால் நிம்மதியாகக் கும்பிடலாம். அப்புறம் சுற்றுலாப் படகுகள் வரிசைகட்டும். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். பிறகு படகும் குறைவு, கட்டணமும் கூடுதல்.

இன்னொன்று: படகின் முன்முனையில் வண்ணத் துணிகளும் மாலையும் கட்டியிருப்பார்கள். அது மே யா நாங் என்ற படகுத் தெய்வத்துக்கானது. மகன் அதன்மேல் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.