ஆகஸ்டில் கோர்தோபா – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஆகஸ்டில்தான். சென்னையிலிருந்து அப்பாவும் வந்திருக்கிறார், வயது 67. ஸ்பெயினின் கோர்தோபாவில், மசூதியாக இருந்து கதீட்ரலான மெஸ்கித்தாவைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. என்னோடு வேலை செய்யும் ஸ்பானியர், "ஆகஸ்டில் அங்கே யாராவது போவார்களா?" என்கிறார். அப்பாவோ, "நான் பார்க்காத வெயிலா!" என்று சிரிக்கிறார். செவிலில் தங்கிக்கொண்டு, காலையில் ரயிலேறி கோர்தோபாவைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாம் என்று நினைக்கிறோம். சரிவருமா?

கே.

அன்புள்ள கே.,

தாராளமாகப் போங்கள். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்புவது என்ற அந்தத் திட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆகஸ்டில் கோர்தோபாவை அதைவிட மோசமாகப் பார்க்க வழியே இல்லை.

காரணம் கடிகாரம். லண்டனின் கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிற ஊர் அது, சூரியனைப் பார்த்தால் லண்டன் நேரம்தான் பொருந்தும். ஆனால் ஸ்பெயின் 1940-ல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்துக்குப் போனது, பிறகு பழைய நேரத்துக்குத் திரும்பவே இல்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடுகிறது. அதனால் அங்கே உச்சிவெயில் பன்னிரண்டுக்கு அல்ல, இரண்டேகாலுக்குப் பிறகு. சூடு உச்சத்துக்குப் போவது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. நீங்கள் பதினொரு மணிக்கு இறங்கி ஆறு மணிக்கு ரயிலேறினால், ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் நேரம் முழுவதும் தெருவில் நிற்பீர்கள். அவர்கள் வெளியே வரும்போது நீங்கள் கிளம்பியிருப்பீர்கள்.

இரண்டு இரவு அங்கேயே தங்குங்கள். பழைய ஊருக்குள், மெஸ்கித்தாவுக்கு நடந்து போகும் தூரத்தில். ஏசி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நீச்சல் குளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

காலையில் எட்டரைக்கெல்லாம் மெஸ்கித்தா வாசலில் இருங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் முதல் ஒரு மணி நேரம், சுற்றுலாக் குழுவோடு வராமல் தாங்களாகவே வருபவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பல வருட வழக்கம். போகும் முன் அவர்கள் இணையதளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். எட்டாம் நூற்றாண்டில் கோர்தோபாவை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் மசூதியாகத் தொடங்கியதை, பின்னால் வந்தவர்கள் மும்முறை பெரிதாக்கினார்கள். 850-க்கு மேற்பட்ட தூண்கள். தொடக்கத்தில் நிறுத்தியவற்றில் பல, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், ரோமானியருக்குப் பின் ஆண்ட விசிகோத்தியரின் கட்டடங்களிலிருந்தும் எடுத்தவை. அவற்றின் உயரம் போதவில்லை. அதனால்தான் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவைத் தூக்கி வைத்தார்கள், செங்கல்லும் வெளிர்கல்லும் மாறிமாறி. உயரக்குறைவைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடுதான் இன்று உலகமே படமெடுக்கும் அழகு. மசூதியாக இருந்த காலத்தில் அந்தக் கூடம் முற்றத்தைப் பார்த்துத் திறந்தே இருந்தது. வெளியே மரங்கள், உள்ளே தூண்கள். 1236-ல் ஊர் கிறிஸ்தவ அரசர் கைக்கு மாறி அது கதீட்ரலான பிறகு அந்த வளைவுகளில் பெரும்பாலானவற்றை அடைத்துவிட்டார்கள். நடுவில் எழும்பி நிற்கும் பதினாறாம் நூற்றாண்டுத் தேவாலயம் எனக்கு உறுத்தல்தான். அப்பாவுக்குப் பிடிக்கலாம், அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

பதினொரு மணி வரை யூதர் தெருக்களில் சுற்றலாம். தெருக்கள் குறுகல், சுவர்களில் வெள்ளைச் சுண்ணாம்பு, வீட்டுக்குள் செடிகளும் தண்ணீரும் உள்ள முற்றம். எல்லாம் வெயிலுக்காகவே யோசித்துக் கட்டியது. வியானா அரண்மனையில் இப்படி 12 முற்றங்கள் உண்டு. அதை இரண்டாம் நாள் காலைக்கு வையுங்கள். திங்கள் விடுமுறை, கோடையில் பிற்பகலிலும் மூடிவிடுவார்கள்.

மதீனா அசஹாரா? பத்தாம் நூற்றாண்டு அரண்மனை நகரம், ஊருக்கு வெளியே திறந்த மலைச்சரிவில் இருக்கிறது, நிழல் மிகக் குறைவு. அப்பாவோடு ஆகஸ்டில் வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால், பாதி மண்ணுக்குள் புதைத்துக் கட்டிய அதன் அருங்காட்சியகம் வரை போய்த் திரும்புங்கள்.

அப்பாவின் சிரிப்புக்கு வருகிறேன். சென்னையில் வியர்த்துக் கொட்டும், உடனே தண்ணீரைத் தேடுவோம். கோர்தோபாவின் வெயில் வறண்டது. வியர்வை சட்டை நனையுமுன் காய்ந்துவிடும், உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. 2021 ஆகஸ்டில் அங்கே 46.9 டிகிரி பதிவானது. தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை, குறிப்பாக சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மதியம் சல்மொரேஹோ. தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த குளிர்ந்த கெட்டிக் குழம்பு. மேலே முட்டையும் பன்றிக்கறித் துணுக்கும் தூவுவார்கள். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தூங்குங்கள், பிள்ளைகளும்தான். இருட்டத் தொடங்கும்போது ஒன்பதரை தாண்டியிருக்கும். அப்போது ரோமானியப் பாலத்துக்குப் போங்கள். ஆறு வயசுப் பிள்ளைகள் பதினொரு மணிக்கு ஐஸ்கிரீமோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் பிள்ளைகளை எத்தனை மணிக்குத் தூங்கவைப்பது என்ற ஜெர்மன் கவலையை அந்த இரண்டு நாளும் மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, ஆகஸ்ட் 15 அங்கே அரசு விடுமுறை. குடும்பமாக நடத்தும் சிறிய உணவகங்கள் பலவும் அந்த மாதத்தில் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு ஓர் இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.