பள்ளம், கரை, குன்று: சரிவு நிற்குமா? வாசகர் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது வரும் கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறோம். எந்தக் கணக்குமுறை என்பதைவிட, மண்ணின் வலிமைக்கு என்ன எண் போடுகிறோம், தண்ணீர் எங்கே நிற்கிறது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கின்றன.

வேளச்சேரியில் தரைக்குக் கீழே இரண்டு தளங்களுக்காக (பேஸ்மென்ட்) 6 மீட்டர் தோண்டுகிறோம். களிமண் செங்குத்தாகவே நிற்கிறது. முட்டுக் கொடுக்கத் தேவையில்லை என்கிறார் ஒப்பந்ததாரர். சரிதானா?

சரியில்லை. வேலையை நிறுத்தி முட்டுக் கொடுங்கள். வெட்டியவுடன் பாரம் இறங்குவதால் களிமண்ணுக்குள் நீரழுத்தம் குறைந்து, மண் சில நாள் இறுகி நிற்கும். பிறகு அது நீரை உறிஞ்சி உப்பி, வலிமையை இழக்கும். நேற்று நின்றது நாளையும் நிற்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கணக்கையே பாருங்கள். மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் வலிமையான ஒட்டுத்திறன் (c) 25 கிலோபாஸ்கல், மண்ணின் எடை (γ) கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்று வைத்தால், செங்குத்து வெட்டின் எல்லை உயரம் 4c/γ, அதாவது 5.6 மீட்டர். உங்கள் ஆழத்துக்கு இதுவே போதாது. அதோடு மேலே 2c/γ ஆழம், சுமார் 2.8 மீட்டர் வரை, இழுவிசை விரிசல் விழும். விரிசலையும் சேர்த்தால் எல்லை 2.67c/γ, வெறும் 3.7 மீட்டர். இது பாதுகாப்புக் காரணி (மண்ணின் வலிமையைச் சரிக்கும் விசையால் வகுத்த எண்) 1 இருக்கும் நிலை, சரிவதற்கு முந்திய நொடி. அந்த விரிசலில் மழைநீர் நிரம்பினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 4 டன் விசை சுவரைப் பள்ளத்துக்குள் தள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் உங்கள் பகுதியிலேயே கட்டுமானப் பள்ளத்தின் ஓரம் சரிந்து இருவர் உயிரிழந்தார்கள்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமான நெடும்பள்ளங்களுக்கே முட்டு வேண்டும் என்கிறது தோண்டும் வேலைக்கான இந்தியப் பாதுகாப்புத் தரம் ஐ.எஸ். 3764. 6 மீட்டருக்கு மண்ணில் நெருக்கமாக இறக்கிய தூண்களின் (பைல்) வரிசையோ, தகடுகளை இறக்கும் ஷீட் பைலோ வடிவமைத்துத்தான் போட வேண்டும். சாய்வாக வெட்ட இடம் இருந்தால் அதுவும் வழிதான், ஆனால் அதற்கும் கணக்கு வேண்டும். தோண்டிய மண்ணையும் கம்பிக் கட்டுகளையும் விளிம்பிலிருந்து பள்ளத்தின் ஆழம் அளவுக்காவது தள்ளி வையுங்கள். விளிம்புக்கு இணையாக ஒரு முடியிழை விரிசல் தெரிந்தாலும் ஆட்களை உடனே மேலே ஏற்றுங்கள்.

சரிவு நிற்குமா என்று கணக்கிட ஃபெலினியஸ், பிஷப், ஜான்பு, ஸ்பென்சர், மார்கன்ஸ்டர்ன்–பிரைஸ் எனப் பல முறைகள். எதைப் பயன்படுத்துவது? (கிண்டி மாணவர்)

சறுக்குப் பரப்பின் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே சீரான மண்ணில் வட்ட வில்லாகச் சறுக்கும் என்றால் பிஷப்பின் எளிய முறை (1955) போதும். எல்லா முறைகளும் சரிவைச் செங்குத்துத் துண்டங்களாக நறுக்குகின்றன. துண்டங்களுக்கு இடையிலான விசைகளை என்ன செய்வது என்பதில்தான் வேறுபாடு. ஃபெலினியஸ் அவற்றை விட்டுவிடுகிறார். அதனால் விடை பொதுவாகக் குறைவாக வரும், நீரழுத்தம் அதிகமானால் விலகலும் பெரிதாகும். கையால் சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிஷப்பின் சமன்பாட்டில் பாதுகாப்புக் காரணி இரு பக்கமும் வருவதால், ஒரு தொடக்க மதிப்பைப் போட்டுத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். மூன்று நான்கு சுற்றில் நிலைபெறும். அடிவாரத்தில் பரப்பு செங்குத்தாக மேலேறி, உராய்வுக் கோணமும் (மண்ணின் உராய்வு வலிமையைக் காட்டும் கோணம்) பெரிதாக இருந்தால் வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கி அபத்தமான விடை வரும். அந்த வட்டத்தை ஒதுக்கிவிடுங்கள். அடியில் மெல்லிய பலவீன அடுக்கு படுத்திருந்தால் பரப்பு வட்டமாக இருக்காது. அப்போது விசை, திருப்புத்திறன் இரண்டையும் சமன்செய்யும் ஸ்பென்சர் அல்லது மார்கன்ஸ்டர்ன்–பிரைஸ் முறைக்குப் போங்கள்.

மென்பொருள் 1.5 காட்டியதும் நிறுத்திவிடாதீர்கள். வட்ட மையங்களைத் தேடும் கட்டத்தின் ஓரத்திலேயே மிகக் குறைந்த மதிப்பு வந்தால் தேடல் முடியவில்லை என்று பொருள். கட்டத்தை விரிவாக்குங்கள். நிலத்தடி நீர்மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்தி மறுபடி ஓட்டிப்பாருங்கள். அதில் 1.1க்கு இறங்கினால் உங்கள் 1.5ஐ நம்பிக் கட்ட முடியாது.

எண்ணூர்ப் பக்கம் மென்களிமண்ணில் 4 மீட்டர் சாலைக்கரை எழுப்புகிறோம். c', φ' (நீர் வடிந்த நிலையில் மண்ணின் ஒட்டுத்திறனும் உராய்வுக் கோணமும்) போட்டால் பாதுகாப்புக் காரணி நன்றாக வருகிறது.

தவறான எண்களைப் போட்டிருக்கிறீர்கள். மென்களிமண் மீது கரை எழுப்பும்போது மிக ஆபத்தான நேரம் கட்டி முடிக்கும் தருணம். நீர் வெளியேற அவகாசம் இருக்காது. வடிகாலற்ற வலிமையை, அதாவது நீர் வெளியேறாத நிலையில் மண்ணுக்குள்ள வலிமையைத்தான் போட வேண்டும். அது 15 கிலோபாஸ்கல் என்றால் தாங்கும் எல்லை 5.14 × 15, சுமார் 77 கிலோபாஸ்கல். கரை மண்ணின் எடை கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன் என்றால் 4 மீட்டரிலேயே காரணி 1. 1.3 வேண்டுமானால் 3.1 மீட்டரோடு நிறுத்த வேண்டும். மீதியை, செங்குத்து வடிகால் பட்டைகள் இறக்கி, பைசோமீட்டர் என்ற நீரழுத்தமானியில் நீரழுத்தம் தணிவதைப் பார்த்து, கட்டம் கட்டமாக ஏற்றுங்கள். வெட்டிய சரிவுக்கு நிலைமை நேர்மாறு: அங்கே காலம் போகப் போகத்தான் ஆபத்து கூடும், c', φ' அங்கே சரி.

பல்லாவரம் பழைய கல்குவாரியின் செங்குத்துப் பாறைமுகம் அருகே சுவர் எழுப்பலாமா? பாறை மிகக் கடினம்.

கடினம்தான், அங்குள்ளது சார்னோக்கைட் என்ற கடும்பாறை ஆயிற்றே. ஆனால் இப்படிப்பட்ட பாறைமுகத்தில் பாறை உடைவதில்லை, ஜாயின்டுகள் (பாறையிலுள்ள இயற்கைப் பிளவுகள்) வழியே கழன்று விழுகிறது. ஆகவே மாதிரிக் கல்லை நசுக்கிப் பார்த்த எண்ணால் பயனில்லை. காம்பஸோடு போய் ஜாயின்டுகளின் சாய்வையும் திசையையும் அளந்து ஸ்டீரியோநெட் என்ற வட்ட வரைபடத்தில் குறியுங்கள். ஒரே ஜாயின்டின் மீது பாறை வழுக்கி இறங்கும் தளச் சறுக்கலுக்கு மூன்று நிபந்தனைகள்: ஜாயின்டின் சாய்வுத் திசை முகத்தின் திசையோடு சுமார் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; அதன் சாய்வு முகத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்; உராய்வுக் கோணத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். முகம் 75, ஜாயின்ட் 50, உராய்வு 35 என்றால், திசையும் ஒத்துப்போனால், மூன்றும் பொருந்துகின்றன. இரண்டு ஜாயின்டுகள் வெட்டும் கோட்டுக்கும் இதே சோதனை, அது ஆப்புச் சறுக்கல். முகத்துக்குள் நோக்கிச் செங்குத்தாகச் சாய்ந்த பலகைகள் கவிழும்.

பழைய குவாரிகளில் வெடிவைத்த அதிர்வே ஜாயின்டுகளைத் திறந்துவிட்டிருக்கும். பாறைச் சரிவுக்கு மதிப்பெண் போடும் ரொமானாவின் எஸ்.எம்.ஆர். முறையில் இயற்கைச் சரிவுக்கு 15 கூட்டுகிறார்கள், மோசமாக வெடித்த முகத்துக்கு 8 கழிக்கிறார்கள். பின்னாலுள்ள விரிசலில் நீர் 3 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு ஏறினால் தள்ளும் விசை இரட்டிப்பல்ல, நான்கு மடங்கு. முதல் வேலை மேலே மழைநீரைத் திருப்பும் வாய்க்கால். போல்ட்டும் வலையும் அதற்குப் பிறகு.

ஏற்காட்டில் 30 டிகிரிச் சரிவில் மனை. பாறைமேல் 2 மீட்டர் மண். பல ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே?

பாறைக்கு இணையாக மெல்லிய மண் போர்வை இருந்தால் சரிவை முடிவில்லாமல் நீளும் ஒரே தளமாக எடுத்துக்கொள்ளும் முடிவிலாச் சரிவுக் கணக்கே போதும். c' 5 கிலோபாஸ்கல், உராய்வு 32 டிகிரி என்று வைப்போம். காய்ந்திருக்கும்போது காரணி 1.4. நீர் மேற்பரப்பு வரை ஏறிச் சரிவுக்கு இணையாகக் கசிந்தால் 0.83. பல ஆண்டுகள் நின்றதற்குக் காரணம், மண் முழுதாக நிரம்பும் மழை வராததும் மரவேர்களும். நீங்கள் வீடு கட்ட மரத்தை வெட்டி, அடிவாரத்தைச் செதுக்கி, செப்டிக் டேங்க் நீரை மண்ணில் விட்டால் அந்த மழைக்கான வேலையில் பாதியை நீங்களே செய்துவிடுகிறீர்கள். வாங்கும் முன் மூன்று இடத்தில் பாறை தட்டும் வரை தோண்டிப் பாருங்கள். மண்ணும் பாறையும் சேரும் இடத்தில் ஈரமோ வழவழப்பான களியோ இருந்தால் அந்த மனை வேண்டாம்.