ராத்திரி போனில் ஜெபிக்கும் காதலர்கள், பேசாமல் விடுவது எதை?

கேள்வி: நான் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் குடும்பம் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). நான் விரும்புகிறவர் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறார், பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். தினமும் ராத்திரி போனில் இருவரும் ஜெபிக்க வேண்டும் என்கிறார். அவர் அரை மணி நேரம் தடையில்லாமல் ஜெபிப்பார், அந்நிய பாஷையிலும் (ஆவியின் ஏவலில் வருவதாக நம்பும், கேட்பவருக்குப் புரியாத பேச்சு) பேசுவார். நான் செபமாலை சொல்லி வளர்ந்தவள். என் முறை வந்தால் வார்த்தை வராது. "மனப்பாடம் பண்ணிச் சொன்னால் அது ஜெபமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டார். நைட் டூட்டியில் முடியாமல் போனாலும் வருத்தப்படுகிறார். கல்யாணப் பேச்சை எடுத்தால் "ஜெபத்தில் வைப்போம்" என்கிறார். சேர்ந்து ஜெபிப்பது நல்லதுதானே, எனக்கு ஏன் பாரமாக இருக்கிறது?

பதில்: நல்லதுதான், விட்டுவிடாதீர்கள். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ஒவ்வொரு ராத்திரியும் அவர் முன்னால் பரீட்சை எழுதிக்கொண்டு இருக்கிறீர்கள். பாரம் அங்கிருந்துதான் வருகிறது.

மனப்பாட ஜெபம் பற்றி அவர் கேட்டதற்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. ஜெபிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று சீடர்களில் ஒருவர் கேட்டபோது இயேசு அவர்களுக்குச் சொற்களைத்தான் கொடுத்தார் (லூக்கா 11). சிலுவையில் அவர் கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அதனால் செபமாலைக்காக நீங்கள் கூசவே வேண்டாம்.

அதேபோல அவருடைய அந்நிய பாஷையும் நடிப்பில்லை, அவருடைய சபையில் அது மிக மதிப்பான வரம். அது தனி ஜெபத்தில் இருக்கட்டும். கூடி ஜெபிக்கும்போது, புரியாமல் கேட்கிறவர் எப்படி 'ஆமென்' சொல்வார் என்று பவுலே கேட்கிறார் (1 கொரிந்தியர் 14). இருவர் ஜெபத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. மற்றவர் மனதார ஆமென் சொல்ல முடிகிற ஜெபமாக இருக்க வேண்டும். உங்கள் விவிலியத்தில் தோபித்து 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள் (அவருடைய வேதாகமத்தில் இந்த நூல் இருக்காது). தோபியாவும் சாராவும் திருமண இரவில் ஜெபிக்கிறார்கள். சில வரிகள்தான். முடிவில் இருவருமே ஆமென் சொல்கிறார்கள்.

அதனால் நேரத்தைக் குறையுங்கள், பத்து நிமிடம் போதும். ஒருவர் சங்கீதம் வாசிக்கட்டும், கொஞ்சம் அமைதி, அப்புறம் ஆளுக்கு ஒரு நன்றி, ஒரு விண்ணப்பம். ஒரே வரி என்றாலும் சரி. கடைசியில் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை அவரவர் வழக்கப்படி சொல்லுங்கள். நைட் டூட்டி நாளில் அவரவர் தனியாக ஜெபிக்கலாம். கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபம் பண்ணச் சொன்னதும் இயேசுதான்.

ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். நேரில் சொல்ல வேண்டிய குறையை ஜெபத்துக்குள் வைத்து, "ஆண்டவரே, இவளுடைய பிடிவாதத்தை மாற்றும்" என்று சொல்லும் வழக்கம் வந்துவிடக்கூடாது. கண்ணை மூடிக் கேட்கிறவரால் பதில் சொல்ல முடியாது. "கர்த்தர் எனக்குச் சொல்லிவிட்டார்" என்று உங்கள் இருவரின் முடிவை அவர் ஒருவராக அறிவித்தாலும் அப்படித்தான். "எனக்கும் சொல்லட்டும், காத்திருக்கிறேன்" என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எனக்கு அதிகக் கவலை தருவது "ஜெபத்தில் வைப்போம்" என்ற பதில்தான். தினமும் சேர்ந்து ஜெபிக்கும் இருவருக்கு மனசு வேகமாக நெருங்கிவிடும், எல்லாம் முடிவானதாகவே தோன்றும். எந்தக் கோயிலில் கல்யாணம், அவர் வீட்டுக்குத் தெரியுமா, பிள்ளைகளுக்கு எங்கே ஞானஸ்நானம் என்று ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள். முதலில் கேட்க வேண்டியது, அவருடைய சபை உங்களிடம் முழுக்கு ஞானஸ்நானம் கேட்குமா என்பது. பல சபைகளில் அது இல்லாமல் கல்யாணம் நடத்த மாட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ, முறையாகப் பெற்ற ஞானஸ்நானத்தை மறுபடி பெற முடியாது என்கிறது. இருவரும் எவ்வளவு உருகி ஜெபித்தாலும் இதைப் பேசித்தான் தீர்க்க முடியும்.

உங்கள் பக்க நடைமுறையும் தெரிந்திருக்கட்டும். அவர் மதம் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இப்படி வேறு சபையாரோடு செய்யும் கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். 1997இல் உருவான தர்மபுரி மறைமாவட்டத்தில்தான் கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் வருவதால், உங்கள் பங்குத்தந்தை வழியாக விண்ணப்பம் அங்கே போகும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க உங்களால் முடிந்ததைச் செய்வதாக நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய சபையில் கல்யாணம் என்றால் அதற்குத் தனியாக விதிவிலக்கு வாங்க வேண்டும். அவருக்கு எந்தச் சொற்களைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்றும் ஃபாதர் கேட்பார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லாமல் இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுத்திருந்தால் நடைமுறை வேறாகும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கோயிலில் ஓலை வாசிக்கிற (கல்யாண அறிவிப்புச் செய்கிற) நேரத்தில் இதெல்லாம் தெரியவந்தால் இரண்டு குடும்பத்துக்கும் பெரிய வேதனை.

இதற்காகப் பயப்படவும் வேண்டாம். கிருஷ்ணகிரியில் 1895இலேயே லூத்தரன் மிஷன் தொடங்கிவிட்டது. பல சபையார் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற ஊர் இது. முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசினால் வழி கிடைக்கும்.

வருகிற ஞாயிறு, நீங்கள் பூசைக்கும் அவர் ஆராதனைக்கும் போய்வந்த பிறகு, பகலில் நேரில் சந்தியுங்கள். ராத்திரி ஜெபம் முடிந்த களைப்பில் போனில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். "உங்கள் வீட்டில் என்றைக்குச் சொல்லப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு தேதி சொன்னால், அன்றிலிருந்து அந்தத் தேதிக்காகச் சேர்ந்து ஜெபியுங்கள். மறுபடியும் "ஜெபத்தில் வைப்போம்" என்றால், நீங்கள் தனியாகவே பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். அதற்கு முன்னால் அம்மாவிடமோ அக்காவிடமோ மனம்விட்டுச் சொல்லிவிடுங்கள்.