ஒரு கேள்வியோடு போங்கள்

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 8 ஆண்டுகளாக டெஸ்டராக இருக்கிறேன். அடுத்த மாதம் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் பெரிய அஜைல் (மென்பொருளைச் சிறுசிறு பகுதிகளாகச் செய்து முடிக்கும் முறை) மாநாட்டுக்கு எங்கள் டீமிலிருந்து என்னை மட்டும் அனுப்புகிறார்கள். மூன்று நாள். நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருவார்களாம். நான் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் புரியும், எழுதுவேன். நாலு பேர் நடுவில் பேசத்தான் வராது. ஒரே நேரத்தில் ஐந்தாறு அரங்குகளில் பேச்சு நடக்கிறது, எதற்குப் போவது என்றே தெரியவில்லை. வந்ததும் 'என்ன கத்துக்கிட்ட?' என்று மேனேஜர் கேட்பார். எங்கள் டீமிலோ ஸ்பிரிண்டின் (ஒரு சுற்று வேலைக்கு ஒதுக்கும் நாட்கள்) கடைசி இரண்டு நாளில்தான் எல்லா ஸ்டோரியும் (மென்பொருளில் செய்ய வேண்டிய ஒவ்வொரு சிறு வேலை) டெஸ்டிங்குக்கு வரும். இரவு 10 மணி வரை உட்கார்ந்தாலும் பாதி அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போய்விடும். 'மூணு நாள் பேச்சு கேக்கவா சம்பளம் தர்றாங்க?' என்கிறார் மாமியார். வெறும் டெஸ்டரான நான் போய் என்ன ஆகப்போகிறது? வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிடட்டுமா?
– ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

போங்கள். வேறு யாரையும் கைகாட்ட வேண்டாம்.

முதலில் அந்த 'வெறும் டெஸ்டர்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அஜைல் பிரகடனம் 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி எழுதியது. அந்த 17 பேரில் பிரையன் மாரிக்கும் ஒருவர். டெஸ்டிங்கில் பெயர் பெற்றவர். எந்தெந்த டெஸ்ட் யாருக்காக, எதற்காக என்று நான்கு கட்டங்களாகப் பிரித்து 2003-இல் அவர் எழுதியதைத்தான் இன்றும் அஜைல் டெஸ்டிங் வகுப்புகளில் பலகையில் வரைகிறார்கள். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டி, 2020 பதிப்பை எடுத்துப் பாருங்கள். டெஸ்டர் என்று தனிப் பொறுப்பே அதில் கிடையாது. எதைச் செய்வது என்று முடிவுசெய்யும் ப்ராடக்ட் ஓனர், முறை சரியாக நடக்கப் பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள், அவ்வளவுதான். கோடு எழுதுகிறவரும் நீங்களும் அங்கே ஒரே பெயரில்தான் வருகிறீர்கள். உங்கள் டீம் உங்களைக் கடைசி ஆளாக நிறுத்தியிருக்கிறது என்றால் அது உங்கள் டீமின் பழக்கம். அஜைலில் அப்படி எதுவும் இல்லை.

இனி மாநாட்டுக்கு வருவோம். இத்தனை பேச்சையும் எப்படிக் கேட்டு முடிப்பது என்ற கவலைதான் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். நீங்கள் எடுத்துப்போக வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அதை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்: ஸ்டோரிகள் கடைசி இரண்டு நாளில் வந்து குவிவதை மற்ற டீம்கள் எப்படித் தடுக்கின்றன? இதை ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் ஸ்பிரிண்ட் எத்தனை நாள், டெவலப்பர்கள் எத்தனை பேர், போன ஐந்தாறு ஸ்பிரிண்டில் எத்தனை ஸ்டோரி தள்ளிப்போனது என்று டீமின் வேலைகளைக் காட்டும் உங்கள் போர்டைப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 'எங்க டீம்ல டெஸ்டிங் லேட் ஆகுது' என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். எண்ணோடு சொன்னால் உட்கார்ந்து பேசுவார்.

அரங்கைத் தேர்ந்தெடுக்கும் வேலை அதோடு சுலபமாகிவிடும். முந்தின இரவே நிகழ்ச்சி நிரலை எடுத்துவைத்து, உங்கள் கேள்வியைத் தொடும் உரைகளுக்கு மட்டும் டிக் போடுங்கள். 'அஜைலின் எதிர்காலம்' மாதிரியான பெரிய தலைப்புகளில் நாளுக்கு ஒன்று போதும். தங்கள் டீமில் என்ன செய்து பார்த்தார்கள், எது சரிவரவில்லை என்று பேசுகிறவர்களைத் தேடிப்போங்கள். பயிற்சிப் பட்டறை இருந்தால் விடாதீர்கள். அங்கே இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்காருங்கள். ஒரு பேச்சு உங்களுக்கு உதவாது என்று தெரிந்தால் எழுந்து வந்துவிடலாம். இந்த மாநாடுகளில் அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

பேச வராது என்கிறீர்களே, அதற்காகவே ஒரு விஷயம் சொல்கிறேன். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1980-களில் ஒரு வருடம் உழைத்து ஒரு மாநாடு நடத்தினார். முடிந்ததும் வந்தவர்கள் எல்லோரும் சிறந்ததாகச் சொன்னது காபி இடைவேளையைத்தான்! அதை வைத்தே 1985-இல் ஓப்பன் ஸ்பேஸ் என்ற முறையை உருவாக்கினார். மேடை கிடையாது, முன்கூட்டி எழுதிய நிரலும் கிடையாது. பேச ஒரு விஷயம் இருப்பவர் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார், விருப்பம் உள்ளவர்கள் சுற்றி உட்காருவார்கள். அஜைல் மாநாடுகளில் பெரும்பாலும் இதற்கு ஒரு பகுதி ஒதுக்குவார்கள். அங்கே உங்கள் கேள்வியை எழுதி ஒட்டுங்கள். இரண்டே பேர் வந்தாலும் போதும். ஒட்டியவர் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. கேள்வியைப் படித்துவிட்டு மற்றவர்கள் பேசுவதைக் குறித்துக்கொண்டால் ஆயிற்று.

மற்றபடி ஆங்கிலம் பற்றிய பயத்துக்கு என் பதில் இதுதான்: சென்னையில் நடக்கும் மாநாடு, பெருங்குடியிலிருந்தும் சிறுசேரியிலிருந்தும் உங்களைப் போலவே ஆட்கள் வருவார்கள். சாப்பாட்டு வரிசையில் 'நீங்க எந்தக் கம்பெனி, உங்க ஸ்பிரிண்ட் எத்தன நாள்?' என்று தமிழில் ஆரம்பியுங்கள். மேடையில் பேசியவரிடம் கேட்க வேண்டுமென்றால் உரை முடிந்ததும் பக்கத்தில் போய், தாளில் எழுதிய இரண்டு வரியைப் பார்த்தே படியுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தன் பேச்சைக் கேட்டு ஒருவர் குறிப்போடு வந்து நிற்பதைவிடப் பேச்சாளருக்கு மகிழ்ச்சி வேறில்லை. அதேபோல, மேடையில் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் நினைக்க வேண்டாம். அந்த 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஒரு ஸ்டோரி எவ்வளவு பெரிய வேலை என்று மதிப்பிடும் ஸ்டோரி பாயிண்டைக் கொண்டுவந்தது தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துகிறேன் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். அவரே மறுபரிசீலனை செய்கிறார் என்றால் நீங்கள் தாராளமாகச் சந்தேகம் கேட்கலாம்.

வெளியே மென்பொருள் கருவிகள் விற்பவர்கள் கடைகள் போட்டிருப்பார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் பிரகடனத்தின் முதல் வரியே, வழிமுறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களையும் அவர்களின் உரையாடலையும் அதிகம் மதிக்கிறோம் என்பதுதான். இடைவேளையை மனிதர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாநாட்டு அடையாள அட்டையை ஸ்கேன் செய்யக் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இல்லையென்றால் விற்பனை அழைப்புகள் பின்னாலேயே வரும். சான்றிதழ் படிப்புக்கு அங்கேயே சொந்தப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வேண்டுமென்றால் பிறகு கம்பெனியிடம் கேளுங்கள்.

உங்கள் கேள்விக்கு அங்கே என்ன பதில் கிடைக்கும் என்று ஓரளவு என்னால் சொல்ல முடியும். ஒன்று, ஸ்டோரியைத் தொடங்கும் முன்பே பி.ஏ. (என்ன தேவை என்று எழுதித் தரும் பிசினஸ் அனலிஸ்ட்), டெவலப்பர், டெஸ்டர் மூவரும் கால் மணி நேரம் உட்கார்ந்து, இது எப்படி நடந்தால் சரி, எப்படி நடந்தால் தவறு என்று உதாரணங்களை எழுதிக்கொள்வது. இரண்டாவது, ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஸ்டோரிகளுக்கு உச்சவரம்பு வைப்பது. ஐந்து டெவலப்பர்கள் முதல் நாளே ஆளுக்கு இரண்டாகத் தொடங்கினால் பத்தும் ஒன்றாகத்தான் வந்து விழும். கான்பான் என்று சொல்வதன் உயிரே இந்த வரம்புதான். டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ உருவாக்கிய முறையிலிருந்து மென்பொருளுக்கு வந்தது. ஒரு ஸ்டோரியை டெஸ்டிங் வரை முடித்தபிறகே அடுத்ததைத் தொடுவது என்று வந்தால், ஸ்பிரிண்டின் மூன்றாம் நாளே உங்கள் கையில் வேலை இருக்கும். கடைசி இரவுகள் குறையும். இதை டெவலப்பர்கள் முதலில் எதிர்ப்பார்கள். 'நான் சும்மா உட்காரணுமா?' என்பார்கள். அந்த எதிர்ப்பை மற்ற டீம்கள் எப்படிச் சமாளித்தன என்பதைத்தான் நீங்கள் அங்கே துருவித் துருவிக் கேட்க வேண்டும். நுணுக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மேனேஜருக்கு, கேட்ட உரைகளின் பட்டியல் வேண்டாம். ஒரே பக்கம்: நம் சிக்கல் இது, இன்னின்ன டீம்கள் இப்படிச் செய்கின்றன, நாம் ஒரு ஸ்பிரிண்டுக்கு மட்டும் இதைச் செய்து பார்ப்போம். ஸ்பிரிண்ட் முடிந்ததும் டீம் கூடிப் பேசும் அடுத்த ரெட்ரோவில் 20 நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

மாமியாரிடம் விவாதிக்க வேண்டாம். இதுவும் ஆபீஸ் வேலைதான் அத்தை, இது சரியானால் ராத்திரி சீக்கிரம் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. அந்த மூன்று நாள் காலை வீட்டு வேலையை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். கத்திப்பாரா நெரிசலைத் தாண்டி நீங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

மேனேஜர் 'இப்ப ரிலீஸ் நேரம், அப்புறம் பாக்கலாம்' என்று தள்ளிப்போட்டால் காத்திருக்காதீர்கள். உங்களோடு ஒத்துப்போகிற ஒரு டெவலப்பரைப் பிடியுங்கள். ஒரு ஸ்டோரியை மட்டும் இருவரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து பாருங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த ஸ்டோரி எத்தனையாவது நாளில் முடிந்தது என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.