ஷூரிட்டி பாண்ட்: 1 சதவீதமா, 3 சதவீதமா?

கேள்வி: சின்ன அளவில் மின்பணி ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்கிறேன். முதல்முறையாகப் பெரிய வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. ஷூரிட்டி பாண்ட் (நான் வேலையை முடிக்காவிட்டால் ஈடு தருவதாக ஒரு நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதப் பத்திரம்) கேட்கிறார்கள். ஒரு நிறுவனம் 1 சதவீதம் என்கிறது, இன்னொன்று 3 சதவீதம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? வேலை முடிந்ததும் இந்தப் பணம் திரும்ப வருமா?

பதில்: வராது. நீங்கள் கட்டுவது டெபாசிட் அல்ல, கட்டணம். வேலையைச் சிக்கலில்லாமல் முடித்தாலும் பிரீமியம் போனது போனதுதான்.

சதவீதத்துக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டியது, எதில் 1 சதவீதம், எதில் 3 சதவீதம் என்பதைத்தான். சிலர் மொத்த ஒப்பந்த மதிப்பின் மீது கணக்குப் போடுவார்கள், சிலர் பாண்ட் தொகையின் மீது. ஒப்பந்தம் 1 கோடி, அதில் 10 சதவீதத்துக்குத்தான் பாண்ட் என்று வையுங்கள். ஒப்பந்த மதிப்பில் 1 சதவீதம் என்றால் 1 லட்சம். பாண்ட் தொகையில் 3 சதவீதம் என்றால் வெறும் 30 ஆயிரம். அதிகமாகத் தெரிந்ததுதான் மலிவு! அது ஒரு வருடத்துக்கா, வேலை முடியும் வரைக்குமா என்பதையும் கேளுங்கள். வருடக் கணக்கு என்றால், வேலை கொடுத்தவர் பாண்டை விடுவித்துக் கடிதம் தரும்வரை பிரீமியம் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஒப்பந்த மதிப்பு நடுவில் கூடினால் கூடுதல் பிரீமியமும் கேட்பார்கள்.

இரண்டுமே ஒரே தொகையின் மீது, ஒரே காலத்துக்கு என்றால், வித்தியாசம் உங்களை அவர்கள் எடைபோட்ட விதத்தில் இருக்கிறது. பலர் இதைக் காப்பீடு என்றே நினைக்கிறார்கள். குணத்தில் இது கடனுக்குத்தான் பக்கம். நீங்கள் வேலையைப் பாதியில் விட்டால் ஷூரிட்டி நிறுவனம் வேலை கொடுத்தவருக்கு ஈடு செய்யும், அப்புறம் அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்கும். அதனால்தான் கடன் கொடுப்பவர் பார்ப்பதையெல்லாம் இவர்களும் பார்க்கிறார்கள்: தணிக்கை செய்த கணக்கு, கையில் புரளும் மூலதனம், பழைய கடன்களைக் கட்டிய ஒழுங்கு, இப்போது கையில் இருக்கும் மற்ற வேலைகள். உங்கள் விஷயத்தில், இதுவரை முடித்த பெரிய வேலையைவிட இது எத்தனை மடங்கு என்பது முக்கியம். திடீரென்று நாலைந்து மடங்கு தாண்டினால் தயங்கத்தான் செய்வார்கள். கணக்குகளைத் தணிக்கையாளர் கையெழுத்தோடு, நடப்பு வேலைகளின் பட்டியலோடு கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். அரைகுறைக் காகிதங்களுக்குக் கூடுதல் விலை சொல்வது இந்தத் தொழிலில் சகஜம்.

1 சதவீதம் சொன்னவர் பிணையமாக ரொக்கம் கேட்கிறாரா? பாண்ட் தொகையில் கால் பங்கை முடக்கச் சொன்னால், அந்தப் பணம் பொருள் வாங்கவும் கூலி கொடுக்கவும் உதவாது. அதற்கு ஈடாக வெளியில் வாங்கும் கடனின் வட்டியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பிணையம் கேட்காத 3 சதவீதமே லாபமாக முடியலாம். பாண்டுக்குப் பதிலாக வங்கி உத்தரவாதத்துக்குப் போனாலும் இதே தொல்லை உண்டு: அது உங்கள் கடன் வரம்பைத் தின்னும்.

கையெழுத்துப் போடும்முன் இழப்பீட்டு ஒப்பந்தத்தை, அதாவது ஷூரிட்டி நிறுவனம் கட்டும் பணத்தை நீங்கள் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுப்பதை மட்டும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். சிறு நிறுவனம் என்றால் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பையும், சில சமயம் கணவன் அல்லது மனைவியின் கையெழுத்தையும் கேட்பார்கள். அப்படிக் கேட்டால், உங்கள் வீடும் கணக்கில் சேர்கிறது என்று அர்த்தம்.